பதினெட்டு இஞ்சி டயரும் பொத்துவில் வீதியும்

245/40 ஆர்18 என்று டயரில் போட்டிருந்தால், ரிம்முக்கும் வீதிக்கும் இடையில் நிற்கிற ரப்பர்ச் சுவரின் உயரம் 98 மில்லிமீற்றர். 245இல் நாற்பது வீதம், அவ்வளவுதான் கணக்கு. சுபாரு எஸ்.டி.ஐ., லான்சர் எவலூஷன் 10 மாதிரியான வேகக் கார்களில் வழக்கமாக வருவது இந்த அளவு. ஹொண்டா சிவிக் டைப் ஆர், எஃப்.கே.8 என்றால் 245/30 ஆர்20. அதன் சுவர் 74 மில்லிமீற்றர்கூட வராது. காற்று இறங்கினதும் அந்த மெல்லிய சுவர் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நசிகிறது. வேன் டயர் காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் உருண்டாலும் சில வேளை தப்பிவிடும். இந்த மெல்லிய சுவர் டயர் சில நூறு மீற்றருக்குள் முடிந்துவிடும். ஆணி போட்ட ஓட்டையை ஒட்டலாம், அதற்குப் பிறகு ஓடின ஓட்டத்தை ஒட்ட ஏலாது. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இன்னொரு தொல்லை, இந்த டயர் தன் நோவை முகத்தில் காட்டாது. சுவர் விறைப்பாக இருப்பதால் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தாலும் கண்ணுக்கு ஒழுங்காகத்தான் தெரியும். காலால் தட்டிப் பார்ப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. காற்றழுத்த சென்சர் இருக்கிற காரில் மஞ்சள் விளக்கு எரியும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே வந்த கார்கள் பலதில் அந்தச் சென்சரே இல்லை. ஆகவே ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலும், பின்பக்கம் வாலாட்டினாலும், நல்ல தாரில் ஓடும்போது கிறவலில் ஓடுகிற சத்தம் வந்தாலும் "அடுத்த சந்தியில பாப்பம்" என்று விடக்கூடாது. பிரேக்கை அமுக்காமல் அக்சிலேட்டரை விட்டு வேகத்தை இறக்கி, நாலு சிக்னலையும் போட்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

எங்கே ஒதுங்குவது? கிழக்கிலங்கையில் காரைதீவிலிருந்து தெற்கே போகிற ஏ4 வீதியில் நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் கவலையில்லை. நூறு இருநூறு மீற்றருக்குள் ஒரு மில் வாசலோ பெற்றோல் செட்டோ கடை முன்றலோ வந்துவிடும். அந்தக் கொங்கிறீற்றுத் தரைதான் வேண்டும். கோமாரி தாண்டினால் வீதியோரம் மணல், அதில் ஜெக் நிற்காது. பெரும்போக வெட்டுக் காலத்தில் வீதியோரம் நெல் காயும். நெல்லை அள்ளின பிறகும் அதைச் சுற்றி வைத்த கற்கள் அப்படியே கிடக்கும். ஒதுங்குகிற அவசரத்தில் அதில் மற்ற டயரையும் குடுத்தவர்கள் உண்டு.

யானைப் பாதை வேறு கதை. பொத்துவிலுக்கு மேற்கே லகுகல, ஏ5இல் புல்லுமலை மகாஓயாப் பக்கம், வாழைச்சேனை தாண்டிப் புணானை வெலிக்கந்தை. இந்த இடங்களில் இருட்டின பிறகு காற்றுப் போனால் டயரை மறந்துவிடுங்கள். இறங்கிக் குந்தியிருந்து நட் கழற்றுகிற இடமில்லை அது. நடக்கிற வேகத்தில், வீடோ சோதனைச் சாவடியோ வருகிற வரைக்கும் உருட்டுங்கள். டயர் நாசமாகும், ரிம்மும் சில வேளை போகும். போகட்டும்.

பாதுகாப்பான இடத்தில் நின்றாயிற்று என்றால் முதலில் எடுக்க வேண்டியது ஜெக் அல்ல, 12 வோல்ட் கொம்பிறசர். ஆணி ஏறியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். ஆணியே பாதி அடைப்பு. எஞ்ஜினை ஓடவிட்டு 35 பி.எஸ்.ஐ. வரைக்கும் அடித்து, காதை வைத்துக் கேட்டு, பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு பி.எஸ்.ஐ.க்குள் இறங்கியிருந்தால் அப்படியே மெதுவாக டயர் கடைக்கு ஓடலாம், நடுவில் ஒருக்கா நிறுத்தி அளந்துகொண்டு. டயருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உள்ளே பசை ஊற்றவுமில்லை, ஓட்டையில் ஒன்றும் குத்தவுமில்லை.

கொம்பிறசர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் பூட்டுகிறது அநேகமாக 15 அம்பியர் பியூஸில்தான் நிற்கும். மலிவான கொம்பிறசரும் அந்த எல்லையைத் தொடும். பியூஸ் போனால் காற்றும் இல்லை, போன் சார்ஜும் இல்லை. பற்றறியில் நேரே கவ்வுகிற கிளிப் வைத்தது நல்லது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடினால் ஆறவிட வேண்டும். டயர் முற்றாக இறங்கி ரிம்மின் விளிம்பிலிருந்து கழன்றிருந்தால் சின்னக் கொம்பிறசரால் அதை மறுபடி உட்கார வைக்க ஏலாது. காற்று போகிற வேகம் போதாது. அந்த நிலைக்கு வந்த டயரை வீதியில் மல்லுக்கட்டாமல் விட்டுவிடுவதே சரி.

அடுத்தது, டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கிற, டிக்கியில் இருக்கிற பசைப் போத்தலைப் பற்றி. புதிய வேகக் கார்கள் நிறையவற்றில் ஸ்பெயார் வீலே இல்லை. போத்தலும் கொம்பிறசரும்தான் வைத்திருக்கிறார்கள். 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே இந்தப் பக்கம் ஓடுகிற கார்களில் பெரும்பான்மை அதற்கு முந்தினது, போத்தலும் காரோடு வந்தது. அந்தப் பசைக்கு ஆயுள் ஏறக்குறைய நாலைந்து வருஷம். மட்டக்களப்பு வெயிலில் மூடிக்கிடக்கிற டிக்கிக்குள் அதுகூடத் தாங்குமா தெரியாது. லேபிளில் ஜப்பான் எழுத்து விளங்காவிட்டாலும் வருஷமும் மாதமும் இலக்கத்தில் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காலாவதியானது உள்ளே கட்டிபட்டு வால்வையே அடைத்துவிடும்.

பசை நல்லதாக இருந்தாலும் அது ஓடுகிற பக்கத்துச் சின்ன ஓட்டைக்குத்தான், நாலு மில்லிமீற்றர் ஆணி என்கிற அளவுக்கு. பக்கச்சுவர் வெட்டுக்குச் சரிவராது. போட்டவுடன் நின்று பார்க்காமல் ஓட வேண்டும். சுழலும்போதுதான் பசை ஓட்டையைத் தேடிப் போய் அடைக்கும். பத்து நிமிஷம் ஓடி நிறுத்தி அளந்து பாருங்கள். 19 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கியிருந்தால் அது பிடிக்கவில்லை, மேலே ஓடாதீர்கள். பிடித்திருந்தால் நிரப்பிக்கொண்டு 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகாமல் கடைக்குப் போகலாம். கடைக்காரர் அந்தப் பசையைக் கழுவி எடுக்கிறபோது உங்களைத் திட்டுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டயரைக் கழற்றினதும் உடுப்பெல்லாம் பால் மாதிரி ஊற்றும்.

பசையைவிட நம்பத் தகுந்தது பிசின் தோய்ந்த கயிறு மாதிரியான ப்ளக். வேலை இப்படி. ஓட்டை இருக்கிற இடத்தில் சோக்கட்டியால் அடையாளம் போட்டு, அது கைக்கு எட்டுகிற மாதிரிக் காரை உருட்டி நிறுத்துங்கள். ஆணி எந்தச் சரிவில் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குறட்டால் பிடுங்குங்கள். அதே சரிவில் அரத்தை ஏற்றிப் பத்துத் தடவைக்குக் குறையாமல் இழுத்துக் குத்துங்கள். சரிவு மாறினால் புதிய ஓட்டை ஒன்றுதான் வரும், உள்ளே இருக்கிற உருக்குக் கம்பி வலையும் அறும். ப்ளக்கை ஊசிக் கண்ணில் நடுவாகக் கோத்து, பசை பூசி, வெளியே ஒரு விரல் அகலம் நிற்கிற அளவுக்கு உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். மிச்சத்தை மூன்று மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். காற்றடித்து, துப்பலோ சவர்க்காரத் தண்ணியோ தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஓட்டை ஆறு மில்லிமீற்றருக்கு மேல் என்றால் வேண்டாம். டயரின் தோள், அதாவது ஓடுகிற பக்கம் முடிந்து சுவர் தொடங்குகிற வளைவு, அங்கேயும் வேண்டாம். வளைவில் ஒவ்வொரு சுற்றும் ரப்பர் மடிவதால் ப்ளக் தானாகவே தள்ளுண்டு வெளியே வரும், அதுவும் வேகத்தில். நடுவில் குத்தின ப்ளக்கும் கடைசி மருந்தல்ல. வெளியிலிருந்து குத்தினால் உள்ளே ஈரம் போகிற வழி மூடாது, மாரிக்குள் வெள்ளத் தண்ணியும் கடற்கரை உப்பும் சேர்ந்து உள்வலையைத் துருவேற்றும். ஒரு கிழமைக்குள் டயரைக் கழற்றி உள்ளேயிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட வேண்டும்.

சக்கரம் மாற்றத்தான் வேண்டும் என்றால் முதல் சிக்கல் ஜெக்கை உள்ளே நுழைப்பது. தணிந்த கார், அதிலும் ஒரு மூலை இன்னும் தணிந்து கிடக்கிறது. இரண்டு இஞ்சித் தடிப்புப் பலகை ஒன்றை டயருக்கு முன்னால் போட்டு அதன்மேல் ஓட்டி ஏற்றினால் கைக்கு இடம் வரும். ஒரு முழம் உருட்டுவதால் டயருக்கு ஒன்றும் ஆகாது. மணல் தரையில் ஜெக்கின் அடியில் ஒரு அடிச் சதுர ப்ளைவூட் போட வேண்டும். கையோடு கொண்டுபோகிற ட்ரொலி ஜெக்கின் தணிந்த உயரம் 80 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் வசதி. தூக்குகிற இடம் கதவுக்குக் கீழே விளிம்புத் தகட்டில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவில். பி.எம்.டபிள்யூவில் அதே வரிசையில் பிளாஸ்ரிக் கட்டைகள் இருக்கும். பிற்சந்தையில், அதாவது கொம்பனி போடாமல் பிறகு வாங்கிப் பூட்டின பக்கப் பாவாடையில் (கதவுக்குக் கீழே ஓடுகிற அலங்கார ஓரம்) ஜெக் பட்டால் அது வெடிக்கும், அதைத் தூக்குகிற இடம் என்று நினைத்தவர் நிறையப் பேர். மற்றப் பக்கச் சில்லுக்குக் கல்லு வைத்து, டயர் தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

தளர்த்தப் போகும்போதுதான் லொக் நட்டின் ஞாபகம் வரும். கள்வருக்குப் பயந்து போட்ட ஐந்தில் ஒரு நட்டுக்குத் தனிச் சாவி. அது டாஷ்போர்ட் பெட்டியிலோ டிக்கியின் ஸ்பொஞ்சுத் தட்டிலோ கொம்பிறசர் பைக்குள்ளோ இருக்கலாம். கடைசியாக டயர் மாற்றின கடையின் மேசையிலும் இருக்கலாம். வீட்டில் ஆறுதலாக இருக்கிற ஒரு நாளில் தேடி எடுத்து ஓரிடத்தில் வையுங்கள். எயார் கன் வைத்து இந்தச் சாவியால் கழற்ற விடக்கூடாது, பல்லு உடைந்துவிடும். உடைந்தால் வெல்டிங் கடைதான்.

ஸ்பெயார் வீல் ஒல்லியானதாக இருந்தால் அதற்கு 60 பி.எஸ்.ஐ. தேவை. வருஷக்கணக்கில் டிக்கிக்குள் கிடந்ததில் முப்பதுகூட இராது, கொம்பிறசர் இங்கேயும் கை கொடுக்கும். பிரேக் தட்டைக் கவ்வுகிற கலிப்பருக்குத் தட்டுப்படாதா என்றும் முன்பே பார்க்க வேண்டும். எஸ்.டி.ஐ.யின் பிரெம்போ பிரேக்குக்காகவே கொம்பனி 17 இஞ்சி ஸ்பெயார் கொடுத்தது, சாதாரண இம்பிரேசாவின் 16 இஞ்சியைப் பூட்டினால் கலிப்பரில் இடிக்கும். எவரேனும் பெரிய பிரேக் பூட்டியிருந்தால் வளவுக்குள் வைத்தே ஒருக்கா ஸ்பெயாரைப் பூட்டிச் சுற்றிப் பாருங்கள்.

எந்த அச்சில் பூட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். டைப் ஆர் முன்சக்கரம் இழுக்கிற கார், முன்னால் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பகிர்ந்து கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி, இருக்கிறது. ஒல்லி வீலை முன்னால் பூட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். முன் டயர் போயிருந்தாலும் பின்னாலிருப்பதை முன்னுக்குக் கொண்டுவந்து, ஒல்லியைப் பின்னுக்குப் பூட்டுங்கள். இரண்டு தடவை ஜெக் அடிக்கிற வேலைதான். பின்சக்கரம் இழுக்கிற காருக்கு மறுதலை. நாலு சக்கரமும் இழுக்கிற சுபாரு, எவலூஷனுக்கு நல்ல இடம் என்று ஒன்றில்லை. மெதுவாக, கிட்டடியில் இருக்கிற கடை வரைக்கும் மட்டும்.

நாலு சக்கரமும் இழுக்கிற காருக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. நாலு டயரின் சுற்றளவும் 6.4 மில்லிமீற்றருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. ரப்பர் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால் சுற்றளவு 6.28 குறையும். அதாவது மற்ற மூன்றும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்திருந்தால், புதிதாக ஒன்றே ஒன்றை வாங்கிப் பூட்டக்கூடாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பகிர்கிற நடு டிஃபரென்ஷியல் நேர் வீதியிலும் ஓய்வில்லாமல் சுற்றும். ஒன்றில் நாலையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதே அளவு தேய்ந்த அதே ரக டயரைத் தேட வேண்டும். பாவித்த டயர் தேடுகிறவர்கள் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்குகிற எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. ஒரு பக்கச்சுவர் முதலில் சொன்ன சில நூறு மீற்றரில் செத்ததற்கு இவ்வளவு விலை.

இறுக்குவது. நட்டின் அடியைப் பாருங்கள். ஹொண்டாவின் கொம்பனி வீலுக்கு உருண்டை அடி, பிற்சந்தை வீலுக்கு அநேகமாகக் கூம்பு அடி. மாறிப் போட்டால் இறுகினது மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். கையால் நட்சத்திர வரிசையில் ஏற்றி, காரை இறக்கின பிறகு டொர்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பெனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். 2015க்குப் பிந்தின எஸ்.டி.ஐ.க்கு 120 நியூட்டன் மீற்றர், எஃப்.கே.8க்கு 127. ரென்ச் இல்லாவிட்டால் இப்படி யோசியுங்கள். 40 சென்றிமீற்றர் ஸ்பெனரின் நுனியில் 30 கிலோ பாரம் தொங்கினால் 120 வரும். எழுபது கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்றால் 270ஐத் தாண்டும், நட் ஏறுகிற ஸ்டட் இழுபட்டுப்போகும். ஏறி மிதிக்கிற பழக்கம் லொறிக்காரரோடு இருக்கட்டும்.

காற்றில்லாமலும் ஓடச் செய்த ரன்ஃப்ளட் டயர் என்றால் நிலைமை வேறு. பி.எம்.டபிள்யூக்களில் அதுதான் அதிகம். சுவரில் ஆர்.எஃப்.டி. என்றால் பிரிட்ஜ்ஸ்டோன், இசட்.பி. என்றால் மிஷலின், எஸ்.எஸ்.ஆர். என்றால் கொன்டினென்டல். காற்றே இல்லாமல் 80 கிலோமீற்றர் வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் என்பது பொதுவான அளவு. பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு அது போதும். ஆனால் அப்படிக் காற்றில்லாமல் ஓடின ரன்ஃப்ளட்டை ஒட்டிப் பாவிப்பது நல்லதல்ல. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சுவர் வெந்திருக்கும்.

அந்த உள்ளைப் பார்ப்பதுதான் டயர் கடையில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒட்டுப் போடுவது பிறகு. டயரைக் கழற்றினதும் உள்ளே கையை விட்டுச் சுவரை ஒருதரம் வழித்து, விரலை வெளிச்சத்தில் பாருங்கள். கரித்தூள் மாதிரிக் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தால், டயருக்குள் மிளகுத்தூள் கொட்டின மாதிரி ரப்பர் துணிக்கைகள் கிடந்தால், சுவர் தன்னைத்தானே அரைத்துவிட்டது. சில வேளை தோளுக்குக் கீழே ஒரு வளையக் கோடு சுற்றிவர நீலம் பாய்ந்த மாதிரித் தெரியும், தடவினால் ரப்பர் சுருங்கி நெளிந்து கிடக்கும். அந்த டயருக்கு ஒட்டுப் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சக்கூடாது, போட்டுத் தருகிறேன் என்கிற கடையிலும் நிற்கக்கூடாது. சுவர் சுத்தமாக இருந்தால் காளான் ஒட்டு. சத்தம் குறைக்கிற ஸ்பொஞ்சு உள்ளே ஒட்டியிருந்தால், ஓட்டையைச் சுற்றி அதை வெட்டி எடுத்து ரப்பரைச் சுரண்டின பிறகுதான் ஒட்டுப் பிடிக்கும்.

நம் பக்கத்து டயர் கடைக்காரர் கை தேர்ந்தவர்கள், ஆனால் கை பழகினது உழவு மெசினுக்கும் வேனுக்கும். மெல்லிய சுவரும் அகல ரிம்மும் உதவிக்கை வைத்த மெசின் கேட்கும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ போய் நிற்கும்போது வாயைத் திறந்து சொல்லிவிடுவதே நல்லது: "காக்கா, லீவரால எடுக்க வேணாம். ரிம்முக்குப் பிளாஸ்ரிக் வெச்சு மெசினிலயே எடுங்க. வால்வுப் பக்கம் அமத்தாதீங்க, உள்ளுக்குச் சென்சர் இரிக்கி." வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் அமத்தத் தொடங்கினால் சென்சர் தப்பும். அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசின உள் ஊசிதான் போட வேண்டும், சாதாரண பித்தளை ஊசி கடற்கரைக் காற்றில் இறுகிப்பிடித்துக் கழற்ற வராமல் போகும். அம்புக்குறி போட்ட டயர் அம்பு காட்டுகிற பக்கம் சுற்ற வேண்டும், அவுட்சைட் என்று எழுதினது வெளியே தெரிய வேண்டும். பலன்ஸ் ஈயத்தை ரிம்மின் விளிம்பில் அடிக்காமல் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பூட்டும்போது, "தம்பி, கன்னால முழுசா இறுக்க வேணாம், மிச்சத்த கையால இறுக்குவம்."

டயர் ஒட்டுகிற நிலையில் இல்லை, ஸ்பெயாரும் இல்லை என்றால் காரை ஏற்றிப்போகிற கெரியர் லொறிதான். நாலு சக்கரமும் இழுக்கிற காரை இரண்டு சில்லைத் தூக்கி இழுத்துப்போகக் கூடாது, முழுக்காரும் மேலே ஏற வேண்டும். ஏற்றுகிற தட்டின் சரிவில் முன் பம்பர் இடிக்கும், ஜெக்குக்கு வைத்த அதே பலகைகளை அடியில் போட்டுச் சரிவைக் குறையுங்கள். பட்டியைச் சில்லில் கட்டச் சொல்லுங்கள், அடியில் தெரிகிற கம்பிகளில் கொக்கி மாட்ட விடாதீர்கள்.

நட்டுகளை ஐம்பது கிலோமீற்றர் ஓடின பிறகு மறுபடி ஒருக்கா டொர்க் ரென்ச்சால் பாருங்கள். காற்றை அடுத்த நாள் விடிய, வெயில் ஏறமுன், கார் ஓடாமல் நின்ற நிலையில் அளவுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு அந்தக் குளிர்ந்த டயருக்குத்தான். இரவுக்குள் இரண்டு பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் ஒட்டைக் குறை சொல்லமுன் ரிம்மும் டயரும் சேர்கிற விளிம்பில் சவர்க்காரத் தண்ணி தடவுங்கள். கடற்கரையில் நிற்கிற காரின் அலோய் ரிம் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்திருக்கும். காற்று அதற்குள்ளால் போகிறதென்றால் டயரைக் கழற்றி, பூத்ததைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும்.